எந்தக் கருவியை முதலில் மாற்றுவது? ஆரணித் தறிவீட்டின் கணக்கு

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற ஊர்களிலும் பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குடும்பம், ஒன்றோ இரண்டோ தறி, கையில் கொஞ்சம் சேமிப்பு அல்லது ஒரு மானிய விண்ணப்பம். இதை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது? சேலையில் உருவம் எழுப்பக் காலால் மிதித்துத் தூக்கும் ஜக்கார்டுக்கு மோட்டார் பொருத்துவதா? அதன் டிசைன் அட்டைகளை ஒதுக்கிவிட்டு எலக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்குவதா? நெய்த துணி தானாகவே சுருளும் அமைப்பைப் படமரத்தில் சேர்ப்பதா? குறுக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டைக்குப் பதில் மோட்டார் வைப்பதா, நீளப் பாவு ஏற்றும் உருளை போடுவதா, இல்லை தறிக்குழிக்குச் சிமெண்ட் பூசி நல்ல விளக்கு மாட்டுவதோடு நிறுத்திக்கொள்வதா? இத்தனையையும் ஒரே ஆண்டில் செய்யக்கூடிய வசதி இருக்கிற குடும்பம் கூலிக்கு நெய்து கொண்டிருக்காது. ஆகவே எது முதலில், எது பிறகு என்பதுதான் கேள்வி. வழக்கமாகக் கிடைக்கும் பதில், தறியின் வேகத்தைக் கூட்டுவது எதுவோ அதை முதலில் வாங்கு என்பது. அந்தப் பதில் ஆரணிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கூலிக் கணக்கில் ஏறாத நேரத்தையும் உடம்பின் தெம்பையும் எந்தக் கருவி அதிகம் தின்கிறதோ அதை நெசவாளர் முதலில் மாற்ற வேண்டும். வேகம் கூட்டும் கருவிகள் அதற்குப் பின்னால் வரட்டும். அவற்றிலும் விலை உயர்ந்தவை நெசவாளரின் காசில் வரக் கூடாது.

இதே கேள்வியை வேறோர் இடத்தில் லட்சக்கணக்கானோர் பொழுதுபோக்காகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1990இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபயர் எம்பளம் தொடங்கி வளர்ந்து வந்த வியூக விளையாட்டுகளில் வாள், ஈட்டி, கோடரி, மந்திர நூல் என்று கருவிகள் ஏராளம். அவற்றை மேம்படுத்தக் கையில் இருக்கும் பொற்காசோ சொற்பம். புதிதாக ஆடுகிறவர் ஆகப் பெரிய வாளிலேயே எல்லாக் காசையும் கொட்டிவிடுவார். ஆடிப் பழகியவர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: கருவி எத்தனை முறை கைக்கு வரப்போகிறது, அதன் கனம் ஏந்துபவரின் வேகத்தைக் கெடுக்குமா, தேய்ந்துபோனால் சரிசெய்ய வழி இருக்கிறதா. அந்தத் தொடரின் பல ஆட்டங்களில் ஆயுதத்துக்கு எடையும் உண்டு, தேய்மானமும் உண்டு என்பதால் இந்தக் கவலை வீண் கவலையில்லை. தறிவீட்டுக்கும் இம்மூன்று கேள்விகள் அப்படியே பொருந்தும். ஆனால் விளையாட்டில் எழவே எழாத நான்காவது கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது: கருவியால் வரும் லாபம் யார் வீட்டுக்குப் போகும்? விளையாட்டில் காசு போடுபவரும் வெற்றியை அனுபவிப்பவரும் ஒருவரே. ஆரணியில் அவர்கள் இருவர்.

எத்தனை முறை என்ற கேள்வியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 ஊடை (குறுக்கிழை) என்று ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். ரகத்துக்கு ரகம் இந்த எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது. 6.2 மீட்டர் என்பது 244 அங்குலம். ஆகவே நாடா சுமார் 14,600 முறை குறுக்கே ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மிதி, ஓர் அச்சடி. கரையில் உருவம் எழும் சேலையானால் ஜக்கார்டின் கொக்கிகளையும் அவற்றில் தொங்கும் நூல்களையும் எடைகளையும் சேர்த்துக் கால்தான் தூக்க வேண்டும். இரண்டு ஊடைக்கு ஒரு முறை தூக்கினால்கூட ஒரு சேலைக்கு 7,000 தடவைக்கு மேல் ஆகிறது. ஊடை நூலின் நீளத்தைக் கணக்கிட்டால், 14,600 ஊடை, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் என்று 17 கிலோமீட்டருக்கும் அதிகமான பட்டு இழை தார்க்குச்சிகளில் சுற்றப்பட்டாக வேண்டும். நெடுக்கிழைகளான பாவில் அங்குலத்துக்கு 100 இழை என்றால் மொத்தம் 4,800 இழை. ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழையதன் முனையோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறார்கள். நிமிடத்துக்குப் பத்து இழை பிணைக்கும் தேர்ந்த கையாக இருந்தாலும் இதற்கு எட்டு மணி நேரம் வேண்டும். அந்த எட்டு மணி நேரமும் தறி சும்மா நிற்கிறது.

இந்த எண்களில் நாடா ஓடும் 14,600 மட்டும்தான் நெசவு என்ற பெயரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தார் சுற்றுவதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் மற்ற வேலைகளுக்கும் இடையில் செய்து முடிக்கிறார்கள். பிணைப்பு வேலை குடும்பத்துக்குள் நடக்கிறது, இல்லையென்றால் வெளியாளுக்குக் காசு கொடுத்து நடக்கிறது. காலின் உழைப்பை யாரும் தனியாகக் கணக்கெடுப்பதே இல்லை. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் எட்டரை லட்சம் பேர் நெய்வதில்லை. பாவு, தார், சாயம் போன்ற துணைவேலைகளில் இருக்கிறார்கள். மொத்தத்தில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தொழிலில் கணிசமான பங்கு தறிக்கு வெளியேதான் நடக்கிறது என்று அரசின் கணக்கே காட்டும்போது, கருவியைப் பற்றிய பேச்சு மட்டும் ஏன் தறியை விட்டு நகர மறுக்கிறது?

இனி அந்த நான்காவது கேள்வி. ஆரணியில் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவர்கள் உண்டு, தனியார் முதலாளிக்கு நெய்பவர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் கொடுப்பவருடையவை. தறியும் உழைப்பும் நெய்பவருடையவை. கூலி சேலைக் கணக்கில் வருகிறது. இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள அதே ஊரின் இன்னொரு தொழிலோடு ஒப்பிடுவது நல்லது. பட்டுக்குப் பெயர் வாங்கியதைப் போலவே ஆரணி அரிசிக்கும் பெயர் வாங்கிய ஊர். அரிசி ஆலைக்காரர் கறுப்பு அரிசியைப் பொறுக்கி நீக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்தை வாங்கினால், நெல்லும் அவருடையது, இயந்திரமும் அவருடையது, தரம் கூடியதால் ஏறும் விலையும் அவருக்கே வருகிறது. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று அவரால் கணக்குப் போட முடியும். கூலி நெசவாளருக்கு அந்த வழி இல்லை. அவர் தன் காசில் தறியைச் சீர்படுத்திச் சேலையின் அழகைக் கூட்டினால், அழகுக்கான விலை விற்பவரிடம் சேர்கிறது. வேகத்தைக் கூட்டினால் மாதத்துக்கு ஒரு சேலை கூடுதலாக நெய்யலாம். அந்தக் கூடுதல் சேலைக்கும் பட்டும் ஆர்டரும் கிடைத்தால்தான் அது வருமானம். விற்பனை மந்தமான மாதங்களில் பாவு கிடைக்காமல் காத்திருக்கும் தறிக்கு வேகம் எதற்கு?

இந்த இக்கட்டு ஆரணிக்கு மட்டும் வாய்த்ததில்லை. ஜக்கார்டு பிறந்த ஊரே அதற்குச் சாட்சி. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் தன் கருவியை உருவாக்கிய பிறகு, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அந்நகரின் பட்டு நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் அதற்கு மாறினார்கள். அங்கேயும் தறி நெசவாளருடையது. பட்டும் டிசைனும் வணிகருடையவை. கூலி துணியின் அளவுக்கு. ஜக்கார்டுத் தறியின் உயரத்துக்குப் பழைய வீடுகளின் கூரை எட்டாததால், குருவா ரூஸ் குன்றில் உயரமான மாடங்களோடு கட்டிய புது வீடுகளுக்கு அவர்கள் குடிபெயர்ந்தார்கள். கருவிக்கான செலவோடு வாடகையும் அவர்கள் தலையில் ஏறியது. 1831 நவம்பரில் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரையே சில நாள் கைப்பற்றியபோது ஜக்கார்டை உடைக்கச் சொல்லவில்லை. இன்ன துணிக்கு இன்ன கூலிக்குக் குறையக் கூடாது என்ற விலைப்பட்டியலைத்தான் கேட்டார்கள். 1834இல் மீண்டும் எழுந்தபோதும் கூலிதான் காரணங்களில் முதன்மையானது. அன்றைய உலகின் ஆக முன்னேறிய நெசவுக் கருவி அவர்கள் கையில் இருந்தது. அதை வாங்கிய செலவு அவர்களுடையது, அது ஈட்டித் தந்தது வேறொருவருக்கு. ஆரணியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்கச் சொல்லி நெசவாளருக்கு ஆலோசனை வழங்குபவர்கள் லியோனின் அந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

நம் நெசவாளர் புதுமைக்கு எதிரி என்று ஒரு பேச்சு நூறாண்டுக்கு மேலாக உலவுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜான் கே 1733இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த விசைநாடாவைச் சென்னை மாகாணத்தில் பரப்ப ஆல்பிரட் சாட்டர்டன் பாடுபட்டார். அதற்காகவே 1906இல் சேலத்தில் அரசு ஒரு நெசவுக்கூடத்தைத் தொடங்கியது. பருத்தி நெசவாளர்களிடம் விசைநாடா காலப்போக்கில் நன்றாகவே பரவியது. கோர்வைக் கரை நெய்யும் பட்டுத்தறிகள் அதை ஏற்கவில்லை. உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு வெவ்வேறு நாடாக்களுமாக மூன்று நாடா ஓடும் நெசவில், கயிற்றை இழுத்ததும் ஒரே நாடா முழு அகலத்துக்கும் பாயும் கருவிக்கு வேலை இல்லை. ஒரே காலத்தில் ஒரே மாகாணத்து நெசவாளர்கள் ஒரே கருவியை ஓரிடத்தில் ஏற்று மற்றோரிடத்தில் தள்ளினார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் முடிவு சரியானதே. கனம் கூடிய வாளை வேண்டாமென்று வைத்துவிடும் ஆட்டக்காரரின் கணக்குத்தான் இதுவும். வாள் உயர்ந்ததுதான், ஆனால் இந்தக் கைக்கு அது ஆகாது.

அதே பட்டுத்தறி ஜக்கார்டை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. முன்பெல்லாம் உருவம் எழுப்ப அடை கட்டி, அதன் நூல்களை முறைப்படி இழுத்துக் கொடுக்க இன்னோர் ஆள் தறியருகில் இருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். ஜக்கார்டு அந்த இரண்டாவது ஆளின் வேலையைத் தன்மேல் எடுத்துக்கொண்டது. கோர்வைக்கு உதவும் சிறுவர்கள் அதன் பிறகும் தறியில் இருந்தார்கள். காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் கடன் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் உழைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. இன்று அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். திரும்பித் தறிக்கு வருவோர் குறைவு. இது நல்ல மாற்றம், ஆனால் அதன் விளைவைக் கருவிக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. இன்றைய ஆரணித் தறிவீட்டில் பல இடங்களில் மிஞ்சியிருப்பது நடுவயதைக் கடந்த கணவனும் மனைவியும்தான். இருபது வயதுக் காலுக்கு ஏற்ற மிதி ஐம்பது வயது முழங்காலுக்கு ஏற்றதில்லை. எந்தக் கருவி என்று முடிவெடுக்கும்போது சேலையைப் பார்ப்பதற்கு முன் அதை நெய்யும் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

துணைவேலைக் கருவிக்கு முதலிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு மாநிலத்தில் தெளிவான சான்று இருக்கிறது. தெலங்கானாவின் ஆலேர் பகுதியில் போச்சம்பள்ளிச் சேலைக்கு ஊடை நூலைச் சாயத்துக்குத் தயார் செய்யும் ஆசு என்ற வேலை உண்டு. அரைவட்டமாக நட்ட முளைகளைச் சுற்றி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை கையை வீசி நூலை ஓட்ட வேண்டும். வீட்டுப் பெண்கள் தோள்வலியோடு இதைச் செய்துவந்தார்கள். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய சிந்தகிந்தி மல்லேசம் தன் தாயின் வலியைப் பார்த்து, 1999இல் அதற்கு ஓர் இயந்திரம் செய்து முடித்தார். நான்கைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. தறியில் ஒரு கட்டையைக்கூட அவர் மாற்றவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. துணி பழைய துணியாகவே இருந்தது, நெசவு பழைய நெசவாகவே இருந்தது. யாரும் கூலி தராத அந்த நான்கைந்து மணி நேரம் மட்டும் சுருங்கியது. மிச்சமான நேரம் வணிகருக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கியது. கூலி முறையை மாற்ற முடியாத நெசவாளர் தன் கையில் உள்ள கருவித் தேர்வால் அடையக்கூடிய ஆதாயம் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

ஆரணியில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது தார் சுற்றும் மோட்டார்தான். 17 கிலோமீட்டர் இழையை ராட்டையில் சுற்றும் கைக்கு இதைவிட நேரடியான நிவாரணம் கிடையாது. விலையும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது, பழுதானால் ஊரிலேயே சரிசெய்துவிடலாம். நீளப் பாவு ஏற்றும் உருளை அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதில்லை. மூன்று சேலைக்கு ஒரு பாவு என்பதை ஆறு சேலைக்கு ஒன்றாக்கினால் அந்த எட்டு மணி நேரப் பிணைப்பு பாதித் தடவையே வரும். ஆனால் ஆறு சேலையும் ஒரே பாவு நிறத்தில் மாட்டிக்கொள்ளும். ஊடையை மாற்றி நிறம் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. இன்று கடைக்காரர் ஒரே நிறத்தில் ஆறு சேலை கேட்பது அரிது. அத்தனை சேலைக்கான பட்டை ஒரே நேரத்தில் கொடுக்கச் சங்கமோ முதலாளியோ முன்வரவும் வேண்டும். ஆகவே உருளை நல்ல கருவியா என்பது கேட்கும் ரகத்தைப் பொறுத்தது. ஒரே ரகத்தை ஆண்டு முழுக்க நெய்யும் வீட்டுக்கு வாங்கலாம், மாதத்துக்கு ஒரு ரகம் மாறும் வீட்டுக்கு வேண்டாம். துணி தானாகச் சுருளும் அமைப்பைப் பற்றி நீளமாகப் பேச எதுவும் இல்லை. நெருக்கம் சீராக விழும், அடிக்கடி எழுந்து படமரத்தைத் திருப்பும் வேலை மிச்சமாகும். சேலையில் குறை சொல்லிக் கூலியைப் பிடிக்கிற இடங்களில் அது தன் விலையைத் திரும்பத் தந்துவிடும்.

ஜக்கார்டைத் தூக்கும் மோட்டார்தான் அதிகச் சர்ச்சைக்குரியது. மின்சாரம் தொட்ட பிறகு அது கைத்தறியா என்ற கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. சில பொருள்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் சட்டம் செல்லும் என்றது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டுப் பொருள்கள் 1996இல் 11 ஆகக் குறைந்தன. கூடுதல் பாவாலோ ஊடையாலோ உருவம் எழுப்பிய பட்டுச் சேலை அந்தப் பதினொன்றில் இருக்கிறது. விசைத்தறி அல்லாத தறி கைத்தறி என்பதே சட்டத்தின் வரையறை. ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலே கைத்தறி என்று வரையறையைத் தளர்த்தும் யோசனை பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எழுந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அந்த வாசலைத் திறந்தால் அதன் வழியே விசைத்தறி முழுதாக உள்ளே வந்துவிடும். இருந்தாலும் ஜக்கார்டு மோட்டாரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நாடாவைக் கை செலுத்துகிறது, அச்சைக் கை அடிக்கிறது, ஊடையின் இறுக்கத்தைக் கை தீர்மானிக்கிறது. துணியின் குணம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கொக்கிகளைத் தூக்குவது பாரம் சுமக்கிற வேலை, அதில் நெசவின் நயம் எதுவும் இல்லை. அடையை இழுத்த சிறுவனின் இடத்துக்கு ஜக்கார்டு வந்தபோது கலப்படம் என்று யாரும் சொல்லாததை, முழங்காலின் இடத்துக்கு மோட்டார் வரும்போது சொல்வானேன்? கோட்டை ஒரே இடத்தில் உறுதியாகப் போட்டால் போதும்: நாடாவையும் அச்சையும் மின்சாரம் தொடக் கூடாது.

மின்கட்டணம் பற்றிய பயத்துக்கும் அடிப்படை இல்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் 300 ஆக உயர்த்தியது. கால் குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் ஐம்பது நாளில் 75 யூனிட் அளவுக்குத்தான் எடுக்கும். கூரை உயரம்தான் உண்மையான தடை. ஓட்டு வீட்டில் ஜக்கார்டுப் பெட்டிக்கு மேலே மோட்டாரும் அதன் சட்டமும் ஏற இடம் வேண்டும். லியோனில் வீடு மாற வைத்த அதே உயரம்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு வருவோம். அட்டை அடித்து, கோத்து, மாட்டி ஒரு டிசைனை ஏற்றுவதற்குப் பல நாள் ஆகும். முந்தானையில் ஒவ்வொரு தூக்கலுக்கும் ஓர் அட்டை என்பதால் பெரிய முந்தானைக்கு அட்டைகள் ஆயிரத்தைத் தொடுவது சாதாரணம். கணினிக் கோப்பு போதும் என்றால் டிசைன் அன்றே மாறும். இது பெரிய வசதி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அது யாருடைய வசதி? டிசைன் நெசவாளருடையது இல்லை. எதை நெய்வது என்று அவர் தீர்மானிப்பதில்லை. புது டிசைனைச் சந்தைக்கு முன்கூட்டியே கொண்டுவந்தால் கிடைக்கும் கூடுதல் விலை, அட்டைச் செலவில் வரும் மிச்சம் இரண்டும் டிசைன் கொடுப்பவருக்கே. லட்சக் கணக்கில் விலைபோகும் அந்தப் பெட்டியின் மின்னணுப் பலகை பழுதானால் ஊர்த் தச்சரோ கொல்லரோ கை வைக்க முடியாது. ஆள் வரும்வரை தறி நிற்கும், தவணை நிற்காது. நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கிறதே என்பார்கள். வட்டி குறைவு என்பதற்காக அடுத்தவரின் லாபத்துக்குக் கடன்படுவது எந்த ஊர்க் கணக்கு? சொந்தமாக டிசைன் போட்டுச் சொந்தமாக விற்கும் நெசவாளர் சிலர் உண்டு. அவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது, அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று: கருவியைப் பற்றிப் பேசுவதே திசைதிருப்பல், கூலியைப் பற்றிப் பேச வேண்டும். நான்காவது கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டாதவை. பட்டு நெசவாளர் நிலை சற்று மேல் என்றாலும் அவர்கள் பிள்ளைகள் தறிக்கு வராததன் முதல் காரணம் கூலிதான். இதை நான் மறுக்கவில்லை. லியோன் காட்டுவதும் அதைத்தான். ஆனால் கூலியை உயர்த்தும் அதிகாரம் தனி நெசவாளரிடம் இல்லை, கருவியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இருக்கிறது. வேகத்தைக் கூட்டும் கருவி பரவிய பிறகு, இப்போது சுலபமாகத்தானே நெய்கிறீர்கள் என்று கூலிப் பேச்சில் அதையே எதிர்வாதமாக வைப்பார்கள். தார் சுற்றும் மோட்டாரை அப்படி வைக்க முடியாது. அந்த வேலைக்குத் தனிக் கூலி இருந்தால்தானே குறைப்பதற்கு! கூலிப் போராட்டத்தைப் பலவீனப்படுத்தாத கருவியை முதலில் எடு என்பதும் இந்த வரிசையின் ஒரு நியாயம்.

விசைத்தறிப் பட்டு சந்தையை நிரப்பும் காலத்தில் வேகம் இல்லாமல் பிழைப்பதெப்படி என்பது அடுத்த எதிர்ப்பு. இதற்குப் பதில் சுருக்கமானது. வேகத்தில் விசைத்தறியை எந்தக் கைத்தறியாலும் முந்த முடியாது. மோட்டார் ஜக்கார்டு, தானாகச் சுருளும் அமைப்பு இரண்டையும் சேர்த்தாலும் தூரம் குறையாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; 2004 முதல் பட்டு முத்திரையும் 2006 முதல் கைத்தறி முத்திரையும் உள்ளன. இவற்றை வைத்துக் கைத்தறிச் சேலைக்கும் விசைத்தறிச் சேலைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவருக்குக் காட்டுவது விற்பனையின் வேலை. தறியில் போடும் கருவி அந்த வேலையைச் செய்யாது.

மூன்றாவதாக, மானியம் இருக்கும்போது இவ்வளவு யோசிப்பதெதற்கு என்று கேட்கலாம். ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா என்ற பெயரில் தறிக்கும் தறிக்கருவிக்கும் 90 சதவீதச் செலவை மத்திய அரசு ஏற்கிறது; நெசவாளர் 10 சதவீதம் கொடுத்தால் போதும். கருவி இலவசம் போலத் தோன்றுகிறது. ஆனால் தறியைப் பிரித்து மீண்டும் கட்டும் நாள்களின் கூலியை மானியம் தராது. வீட்டுக்குள் புதிய இடம் தராது. பழகும்வரை விழும் பழுதுச் சேலைகளுக்குப் பொறுப்பேற்காது. ஒரு கருவிக்கு உதவி வாங்கிய குடும்பம் அடுத்த கருவிக்கு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரே ஒரு வாய்ப்பை எதில் செலவிடுவது என்பதுதான் உண்மையான விலை. பட்டியலில் ஆகப் பெரிய தொகை கொண்ட பொருளைக் கேட்பதே புத்திசாலித்தனம் என்ற எண்ணம் இந்த விலையை மறந்துவிடுகிறது.

கருவி என்று யாரும் எண்ணாத ஒன்றும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். அது தறிக்குழி. கமண்டல நாகநதிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். கோடையிலோ குழியின் ஈரப்பதம்தான் பட்டிழை அறாமல் காக்கிறது. ஆகவே குழித்தறியை விட்டு மேல்தறிக்குப் போவது எல்லா வீட்டுக்கும் நல்ல தீர்வாகாது. குழியின் சுவரைச் சிமெண்ட்டால் பூசி விளிம்பைச் சற்று உயர்த்துவது, உட்காரும் பலகைக்கு முதுகுக்கேற்ற உயரம் தருவது, நிறம் மாறாமல் காட்டும் வெளிச்சமான விளக்கு மாட்டுவது ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு ஓர் எலக்ட்ரானிக் ஜக்கார்டின் விலையில் சிறு துண்டு. மழைக்காலத்தில் காப்பாற்றப்படும் நாள்களையும் மாலையில் கண் வலிக்காமல் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குச் சமமான முதலீடு வேறில்லை. பணிக்கூடம் கட்டத் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் 1.2 லட்சம் ரூபாய் உதவி உண்டு என்பதையும் தகுதி உள்ள குடும்பங்கள் கவனிக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை இது. வீட்டின் பெயரில் முதலில் குழியும் விளக்கும், அடுத்து தார் சுற்றும் மோட்டார், கரையில் ஜக்கார்டு ஓடும் ரகம் நெய்பவராயின் அதைத் தூக்கும் மோட்டார். எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கான மனு சங்கத்தின் பெயரிலோ டிசைன் கொடுக்கும் முதலாளியின் செலவிலோ போகட்டும். பழுதானால் சரிசெய்யும் பொறுப்பும் அவர்களுடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கைத்தறித் துறை மானிய விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: ஒரு பாவு முடியும்வரை நெய்வதற்கு எத்தனை மணி நேரம், தார் சுற்ற எத்தனை, பிணைக்க எத்தனை, மழையாலும் பழுதாலும் தறி நின்றது எத்தனை என்ற கணக்கு. அந்தப் பக்கத்தை நிரப்பும்போது தறியில் உட்காருபவரின் பதிலோடு தார் சுற்றுபவரின் பதிலையும் கேட்டு எழுத வேண்டும்.